பாறு கழுகைக் காப்பதன் மதிப்பை ரூபாயில் கணக்கிடுவது எப்படி? கள ஆய்வுக்கு முன் உதவி தேவை

வானம்பாடி எழுதியது:
எல்லோருக்கும் வணக்கம். முதுகலைப் பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நீலகிரிப் பக்கத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும், செத்த விலங்குகளைத் தின்னும் பாறு கழுகுகளைக் காப்பதன் பொருளாதார மதிப்பு என்பதுதான் ஆய்வேட்டுத் தலைப்பு. சுற்றியுள்ள ஊர்களில் 200 வீடுகளுக்குப் போய், "பாறு கழுகைக் காக்க உங்கள் குடும்பம் ஆண்டுக்கு எவ்வளவு தரும்?" என்று கேட்டு, சராசரி எடுத்து, மொத்தக் குடும்பங்களின் எண்ணிக்கையால் பெருக்குவதாகத் திட்டம்.

முன்னோட்டமாகப் போன வாரம் 12 வீடுகளில் கேட்டேன். ஐந்து வீட்டில் 100 ரூபாய். மூன்று வீட்டில் 500. ஒருவர் 10,000 என்றார், அவர் வீட்டுக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் "சர்க்கார் பார்க்கட்டும், நாங்க எதுக்குத் தரணும்" என்றார்கள். கடைசி வீட்டில் ஒரு பாட்டி முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தார். கேள்வியை இரண்டு முறை சொல்லச் சொன்னார். அப்புறம், "காசு குடுத்தா அது முட்டை போட்டுடுமா கண்ணு?" என்று கேட்டார். நான் படிவத்தில் எதைக் குறிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். இதுவரை அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கிறது.

இந்த முறையே சரிதானா? இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

நெல்லிமரம் எழுதியது:
கல்லூரியில் சுற்றுச்சூழல் பொருளாதாரம் நடத்துகிறேன். நீங்கள் 12 வீட்டோடு நிறுத்திவிட்டு வந்து கேட்டது நல்ல காரியம்.

பறவையை வைத்தே இந்த முறையின் பலவீனம் ஒரு தடவை வெளிப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஓர் ஆய்வு. கழிவு எண்ணெய்க் குட்டைகளில் விழுந்து சாகும் வலசைப் பறவைகளைக் காப்பாற்ற எவ்வளவு தருவீர்கள் என்பது கேள்வி. ஒரு குழுவிடம் 2,000 பறவைகள் என்றார்கள், இன்னொரு குழுவிடம் 20,000, மூன்றாவது குழுவிடம் 2,00,000. வந்த சராசரிகள் 80 டாலர், 78 டாலர், 88 டாலர். பறவை நூறு மடங்கு கூடியும் தொகை அசையவில்லை. அவர்கள் பறவைக்கு விலை சொல்லவில்லை என்பதுதான் இதற்குப் பொருள். எண்ணெயில் நனைந்து தவிக்கும் ஒரு பறவை மனதில் வந்திருக்கும், அந்தப் பதைப்புக்கு ஒரு தொகை சொல்லியிருப்பார்கள்.

அதற்காக இந்த முறையே குப்பை என்று சொல்ல மாட்டேன். 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் எண்ணெய் கொட்டியபோது, அந்தக் கடற்கரையை வாழ்நாளில் பார்க்கவே போகாத குடும்பங்களுக்கும் அது ஓர் இழப்புதான் என்பதை எண்ணாக்கியது இதே கேள்விமுறைதான். அந்த இழப்பு குறைந்தது 280 கோடி டாலர் என்று வந்தது. பெரிய சர்ச்சை கிளம்பி, கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ என்ற இரண்டு நோபல் பொருளாதார அறிஞர்கள் தலைமையில் குழு போட்டு, 1993இல் விதிமுறை வகுத்தார்கள். அதில் உங்களுக்கு வேண்டியவை சில.

"எவ்வளவு தருவீர்கள்" என்று திறந்து விடாதீர்கள். ஒரு தொகையைச் சொல்லி, சம்மதமா இல்லையா என்று கேளுங்கள். வீட்டுக்கு வீடு அந்தத் தொகையை மாற்றுங்கள். பணம் யார் வழியாகப் போகும், அதை வைத்து என்ன செய்வார்கள் என்று முதலிலேயே சொல்லுங்கள். இதற்குக் கொடுத்தால் வேறு செலவுக்கு அந்தப் பணம் இருக்காது என்பதையும் நினைவூட்டுங்கள். ஒழுகும் கூரைக்குக் கீழிருந்து வந்த 10,000 அப்போது மாறும்.

"சர்க்கார் பார்க்கட்டும்" என்பதைப் பூஜ்யம் என்று போடாதீர்கள். அது கேள்விக்கான மறுப்பு, பறவைக்கான மதிப்பு கிடையாது. தனியாகக் குறித்து வையுங்கள். பாட்டியின் பதிலையும் அப்படியே எழுதி வையுங்கள். உங்கள் படிவத்தில் இருக்கும் ஓட்டையை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். கொடுக்கிற பணம் எந்த வழியில் பறவையாக மாறும் என்று நீங்கள் அவரிடம் சொல்லவில்லை.

மேய்ச்சல்காரன் எழுதியது:
நாங்க அந்தப் பக்கம்தான். வீட்டில் 14 மாடு. எவ்வளவு தருவீங்க என்று கேட்பதற்குப் பதில், அது இல்லாமல் போனதால் எங்களுக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

எங்க அப்பா காலத்தில் மாடு செத்தால் ஊருக்கு வெளியே மேட்டில் இழுத்துப் போடுவார்கள். காலையில் போட்டால் மதியத்துக்குள் பாறு தின்று எலும்புதான் கிடக்கும் என்பார். ஒரு வாசனை இருக்காது, ஒரு ஈ இருக்காது. போன ஐப்பசியில் எங்கள் கிடேரி ஒன்று செத்தது. மழை ஈரம், மண்வெட்டியால் அவ்வளவு பெரிய குழி ஆகவில்லை. ஜேசிபி கூப்பிட்டோம். மணிக்கு 1,200, வந்து போக வாடகை தனி, மொத்தம் 3,000 ஆனது. மாடும் போய், மாட்டைப் புதைக்கவும் காசு. வசதி இல்லாதவர்கள் ஓடைக்கரையில் போட்டுவிட்டுப் போகிறார்கள். ராத்திரி முழுக்க நாய்தான்.

நெல்லிமரம் எழுதியது:
வானம்பாடி, இதை விடாதீர்கள். மாற்றுச் செலவு முறை என்று பாடத்தில் படித்திருப்பீர்கள், அதைத்தான் இவர் சொல்கிறார். பறவை இலவசமாகச் செய்த வேலையை இன்று ஜேசிபி செய்கிறது, வாடகைக்கு ரசீது இருக்கிறது. இதில் யாரும் கற்பனை செய்து பதில் சொல்ல வேண்டியதில்லை.

தொழுவம் எழுதியது:
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் நான். முப்பது வருடம் கிராமப்புறத்தில் வேலை. கணக்குப் போடுவதற்கு முன்னால் காரணம் தெளிவாக இருக்க வேண்டும் என்பதால் நீளமாக எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தின் விலை மளமளவென்று இறங்கியது. மடிவீக்கம், காய்ச்சல், நொண்டல் எதுவாக இருந்தாலும் அதுதான். ஊசி போட்ட மறுநாளே மாடு எழுந்து நிற்கும், வீட்டுக்காரர் முகம் மலரும். நானும் நிறையப் போட்டிருக்கிறேன். அந்த மாடு இரண்டொரு நாளில் செத்துப் போனால், அதைத் தின்கிற பாறுக்கு என்ன ஆகும் என்று எங்கள் பாடப்புத்தகம் எதிலும் இல்லை.

2004இல்தான் பாகிஸ்தானில் நடந்த ஆய்வில் காரணம் தெரிந்தது. அந்த மருந்து பாறின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். யூரிக் அமிலம் வெளியேற வழியில்லாமல் உள்ளே படியும். செத்த பறவையைத் திறந்து பார்த்திருக்கிறேன். ஈரல் மேலும் இதயத்தின் மேலும் சுண்ணாம்பு பூசினாற்போல வெள்ளையாக இருந்தது. விரலால் தேய்த்தால் மாவு மாதிரி ஒட்டியது. அதை மறக்க முடியவில்லை.

வெண்முதுகுப் பாறு என்ற இனம் 1992க்கும் 2007க்கும் இடையில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குச் சரிந்தது. நூறு சடலத்தில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே இந்தச் சரிவுக்குப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு மாட்டைச் சுற்றி ஐம்பது பறவை உட்கார்ந்து தின்பதால் வந்த வினை அது.

2006இல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் தடையானது. உடனே, மனிதர்களுக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட ஆரம்பித்தார்கள். அதனால் 2015இல் மனிதர்களுக்கான ஊசிமருந்தையும் 3 மில்லி குப்பியில்தான் விற்கலாம் என்று ஆணை வந்தது. அதை எதிர்த்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2017இல் தள்ளுபடி செய்தது. 2023இல் அதே வகை வலி மருந்துகளான கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டும் கால்நடைக்குத் தடை.

எதற்கு இவ்வளவும் சொல்கிறேன் என்றால், பாறு கழுகைக் காக்க ஆகும் செலவு என்பது பெரும்பாலும் ஒரு மருந்துக்குப் பதில் இன்னொரு மருந்தைப் பயன்படுத்துவதற்கு ஆகும் செலவுதான். பாறுக்குக் கேடில்லாத மாற்று மருந்தான மெலாக்சிகாம் ஆரம்பத்தில் விலை கூடுதலாக இருந்தது, மருந்துக் காப்புரிமை எதுவும் இல்லாததால் பிறகு இறங்கியது. கணக்கில் ஒரு பக்கம் இது. மறுபக்கம் என்ன என்பதை நெல்லிமரம் ஐயா சொல்லட்டும்.

வானம்பாடி எழுதியது:
மறுபக்கத்துக்கு இரண்டு எண்கள் படித்தேன். 2008இல் வந்த ஓர் ஆய்வு, 1992 முதல் 2006 வரை பாறு இல்லாததால் தெருநாய்கள் பெருகி, வெறிநாய்க்கடியால் கூடுதலாக இறந்தவர்கள் சுமார் 48,000 பேர், இழப்பு 3,400 கோடி டாலர் என்கிறது. 2024இல் வெளியான ஃப்ராங்க், சுதர்சன் இருவரின் ஆய்வு இன்னும் பெரிய எண்ணைச் சொல்கிறது. 2000 முதல் 2005 வரை கூடுதலாக ஐந்து லட்சம் பேர் இறந்தார்கள், ஆண்டுக்கு 6,940 கோடி டாலர் இழப்பு என்கிறது. முதலில் படித்தபோது நம்பவே முடியவில்லை. ஒரே பறவைக்கு இரண்டு கணக்கு ஏன் இவ்வளவு வேறுபடுகிறது? இந்தத் தொகையைப் பறவை எண்ணிக்கையால் வகுத்து, ஒரு பாறின் மதிப்பு இவ்வளவு என்று எழுதலாமா?

நெல்லிமரம் எழுதியது:
வகுக்காதீர்கள். காரணம் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதல் ஆய்வு ஒரு சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போனது. சடலம் மிஞ்சியது, நாய் பெருகியது, கடி கூடியது, வெறிநோய்ச் சாவு கூடியது. அந்தச் சங்கிலிக்கு வெளியே நடந்தது எதுவும் கணக்கில் இல்லை. இரண்டாவது ஆய்வு மாவட்டங்களை ஒப்பிட்டது. பாறு வாழ ஏற்ற மாவட்டங்கள் ஒரு பக்கம், ஏற்பில்லாதவை மறுபக்கம். மருந்து மலிவாவதற்கு முன்பு இரண்டிலும் இறப்பு விகிதம் ஒன்றுபோலவே நகர்ந்தது. மருந்து வந்த பிறகு, பாறு இருந்த மாவட்டங்களில் மட்டும் 4 சதவீதத்துக்கும் மேல் ஏறியது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி விற்பனையும் அங்கே கூடியது, ஆற்றுநீரில் கழிவுக் கிருமியும் கூடியது. மேய்ச்சல்காரன் சொன்னாரே ஓடைக்கரை, அதுதான் இது. வெறிநோய் தவிர மற்ற சாவுகளும் இதில் சேர்வதால்தான் எண் பெரிதாகிறது.

டாலர் எப்படி வந்தது? ஆண்டுக்குச் சுமார் 1,04,000 கூடுதல் சாவு. ஓர் உயிருக்கு 6,65,000 டாலர் என்று வைத்துப் பெருக்கினார்கள். ஓர் உயிரின் விலை அது என்று யாரும் சொல்லவில்லை. சாகும் அபாயத்தைச் சிறிது குறைத்துக்கொள்ள மக்கள் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதிலிருந்து கட்டிய எண் அது. ஆய்வேட்டில் இந்த எண்ணை எடுத்தாண்டால், சாவு எண்ணிக்கையை முதலில் எழுதி, டாலரைப் பிறகு எழுதுங்கள். அந்தப் பெருக்கலை ஏற்காதவருக்கும் ஐந்து லட்சம் சாவு புரியும்.

இப்போது வகுத்தல். 6,940 கோடி என்பது கோடிக்கணக்கான பறவைகள் சேர்ந்து செய்த வேலை நின்றதால் வந்த இழப்பு. இன்று மாயாற்றையும் சுற்றியுள்ள மூன்று மாநிலக் காடுகளையும் சேர்த்து இருக்கும் முந்நூற்றுச் சொச்சம் பறவைகள் அந்த வேலையில் துளிகூடச் செய்ய முடியாது. அங்கே ஒரு பறவை கூடினாலோ குறைந்தாலோ நாய்க்கடி எண்ணிக்கை மாறப்போவதில்லை. சேவையை மட்டும் வைத்துப் பார்த்தால் மிஞ்சிய பறவையின் மதிப்பு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று வந்துவிடும். அந்த விடை தவறு என்று நமக்கெல்லாம் தெரிகிறது. ஆனால் எங்கே தவறு?

மேய்ச்சல்காரன் எழுதியது:
ஐயா, இது விதைநெல் கணக்கு இல்லையா? பஞ்சத்தில் வீட்டில் இரண்டு மரக்கால் விதைநெல்தான் இருக்கிறது என்றால், அதை அரிசி விலைக்கு மதிப்பு போட மாட்டோம். அதைச் சமைத்தால் ஒரு வாரச் சோறு. அது போய்விட்டால் வயலே போச்சு.

நெல்லிமரம் எழுதியது:
பிற்காலத்துக்கான வாய்ப்பைக் காத்து வைப்பதன் மதிப்பை, இத்தனை வருடம் வகுப்பில் 'தெரிவு மதிப்பு' என்று சொல்லி நான் விளக்கத் திணறியதை நீங்கள் விதைநெல்லில் சொல்லிவிட்டீர்கள். இனி வகுப்பில் இப்படித்தான் சொல்வேன்.

வரப்பு எழுதியது:
முழுக்கப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எனக்கு இந்த முயற்சியே உறுத்துகிறது. திருக்கழுக்குன்றத்தில் உச்சிப்பொழுதில் வந்து சோறு வாங்கிய கழுகுகளை என் பாட்டி கைகூப்பிப் பார்த்திருக்கிறார். தொண்ணூறுகளுக்குப் பிறகு அவை வரவில்லை. அந்த வெறும் பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அதற்கு எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவீர்கள்? இன்று ரூபாயில் மதிப்பு சொன்னால், நாளைக்கு ஒருவன் அதைவிட ஒரு ரூபாய் கூட லாபம் காட்டினால் அழித்துவிடலாம் என்றுதானே ஆகிறது?

தொழுவம் எழுதியது:
வரப்பு தம்பி, திருக்கழுக்குன்றத்துக்கு வந்தது மஞ்சள்முகப் பாறு. உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் மருந்து ஆலோசனைக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். எதிர்ப்பக்கம் இருப்பவர் விற்பனை எண்ணோடு வருவார். நாம் பாறையையும் பாட்டியையும் சொன்னால் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்கள்.

நெல்லிமரம் எழுதியது:
அழிவின் விளிம்பில் இருக்கும் புல்வெளிப் பறவையான கானமயிலின் வழக்கைப் பாருங்கள். ராஜஸ்தான், குஜராத் பகுதிகளில் மின்கம்பியில் மோதிச் சாகிறது என்பதால், கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோகச் சொல்லி 2021 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. செலவு தாங்காது, சூரிய மின்சாரத் திட்டங்கள் நின்றுபோகும் என்று அரசு திரும்பவும் போனது. 2024 மார்ச்சில் ஆணை தளர்த்தப்பட்டு, நிபுணர் குழுவிடம் விடப்பட்டது. கம்பிக்கு ரூபாய்க் கணக்கு இருந்தது. பறவைக்கு இல்லை. கணக்கு இல்லாத பக்கத்தை யாரும் விலைமதிப்பற்றது என்று எடுத்துக்கொள்வதில்லை, பூஜ்யம் என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள்.

வரப்பு எழுதியது:
கானமயிலுக்குக் கணக்கு இருந்திருந்தால் மட்டும் தீர்ப்பு மாறியிருக்குமா? அது போனால் பெருகும் நாயும் இல்லை, புதைக்கும் ஜேசிபியும் இல்லை. பாறு உழைக்கிறது, அதனால் எண் கிடைத்தது. உழைக்காத பறவைக்கு என்ன செய்வீர்கள்? அழகாக நடப்பதைத் தவிர மனிதனுக்கு எந்த வேலையும் செய்யாத ஒரு பறவைக்கு?

நெல்லிமரம் எழுதியது:
சரியான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள். அதற்கு இருப்பு மதிப்பு ஒன்றுதான் வழி, பயன் ஏதும் தராவிட்டாலும் அது உலகில் இருப்பதற்கே மக்கள் தரும் மதிப்பு, அதாவது வானம்பாடி கேட்ட அதே கேள்வி, அதே பலவீனங்களோடு. பயணச் செலவு முறை என்று ஒன்று உண்டு, பார்க்க வருபவர்களின் செலவிலிருந்து மதிப்பைக் கணக்கிடுவது. ஆனால் முதுமலைக்கு வருபவர் யானைக்கும் புலிக்கும் வருகிறார், அதில் பாறின் பங்கைப் பிரிக்க முடியாது. கானமயிலுக்கு என்னிடம் நல்ல விடை இல்லை. சட்டத்தில் அதைக் கொல்லக் கூடாது என்று முதலிலேயே எழுதிவிட்டு, எந்த வழியில் காத்தால் குறைந்த செலவு என்பதை மட்டும் கணக்கிடுவது நேர்மையானது என்று நினைக்கிறேன். அந்த வரிசையில் எல்லையை நீங்கள் போடுங்கள், செலவை நாங்கள் பார்க்கிறோம்.

வரப்பு எழுதியது:
இதற்குச் சம்மதம்.

தொலைநோக்கி எழுதியது:
கணக்கெடுப்புக்குத் தன்னார்வலராகப் போனவன். 2023 தொடக்கத்தில் தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூன்றும் சேர்ந்து எடுத்ததில் 246. அதே ஆண்டு டிசம்பரில் எடுத்தபோது 320. இதைப் பெருக்கம் என்று எழுதிவிட வேண்டாம். இரண்டாம் முறை பார்வையிடங்களும் கூடின. ஆண்டுக்கு ஒரே முட்டை, குஞ்சு பருவத்துக்கு வர ஐந்து வருடம். பத்து மாதத்தில் 74 கூடாது.

பள்ளத்தாக்கில் ஒரு காலை ஒன்பது மணி வரை வானம் காலி. வெயில் பாறையில் ஏறி, காற்று சூடானதும் ஒன்று கிளம்பியது. வட்டமடித்து மேலே போகப் போக எங்கிருந்தோ இன்னும் நான்கு. தலைக்கு மேல் தாழ்வாகப் போனபோது சிறகின் ஓரத்தில் காற்று கிழியும் ஓசை கேட்டது, புதுத்துணி கிழிப்பது போல. பக்கத்தில் இருந்த வனக்காவலர் எண்ணுவதை விட்டுவிட்டு நின்றார். நானும்தான். அந்தக் கட்டத்தில் ஐந்து என்று எழுதியிருக்கிறேன், உண்மையைச் சொன்னால் ஆறாகக்கூட இருக்கலாம்.

வானம்பாடி எழுதியது:
தொலைநோக்கி அண்ணா சொன்னதில் எனக்கு ஒரு பயம் வந்துவிட்டது. ஐந்து வருடத்துக்கு ஒரு தலைமுறை என்றால், பலன் கிடைக்க ஐம்பது வருடமாவது ஆகும். எதிர்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர, பாடத்தில் சொன்னபடி ஆண்டுக்கு 10 சதவீத விகிதத்தில் கழித்துப் பார்த்தேன். ஐம்பது வருடம் கழித்து வரும் 100 கோடி ரூபாய் பலனுக்கு இன்றைய மதிப்பு 85 லட்சம்தான். 3 சதவீதத்தில் கழித்தால் ஏறக்குறைய 23 கோடி. எந்தப் பறவை என்பதைவிட எந்த விகிதம் என்பதுதான் விடையைத் தீர்மானிக்கிறது. இது எப்படி நியாயம்?

நெல்லிமரம் எழுதியது:
நியாயம் இல்லை. அதனால்தான் இரண்டு விகிதத்திலும் போட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்ட வேண்டும். ஒன்றை மட்டும் காட்டி மற்றதை மறைக்கும் ஆய்வேட்டை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். வங்கி வட்டியை வைத்துப் பேரப்பிள்ளைகளின் காலத்தைக் கழிப்பது எனக்கு உடன்பாடில்லை, 3க்கு மேல் போகாதீர்கள் என்பது என் சொந்தக் கருத்து. உங்கள் வழிகாட்டி வேறு சொல்லலாம்.

வானம்பாடி எழுதியது:
மூன்று நாள் உட்கார்ந்து படிவத்தை மாற்றினேன். முதல் பகுதி, கடைசியாக மாடு செத்தபோது என்ன செய்தீர்கள், யாரைக் கூப்பிட்டீர்கள், எவ்வளவு ஆனது. இரண்டாவது, ஓராண்டில் வீட்டில் யாரையாவது நாய் கடித்ததா, ஊசிக்கு எத்தனை தடவை போனீர்கள், அந்த நாட்களில் கூலி போனதா. மூன்றாவது பகுதியில்தான் பாறு வருகிறது:

"உங்கள் ஊரில் மாடுகளுக்குப் பாறு கழுகைக் கொல்லாத வலி ஊசியை மட்டும் போடுவது என்று பால் சங்கம் முடிவெடுக்கிறது. அதற்காக ஒவ்வொரு மாட்டுக்கும் ஆண்டுக்கு 40 ரூபாய் உங்கள் பால் பணத்தில் பிடிப்பார்கள். அந்த 40 ரூபாயில் வேறு தீவனச் செலவு ஏதும் செய்ய முடியாது. இதற்கு ஓட்டுப் போட்டால் சம்மதம் என்பீர்களா, வேண்டாம் என்பீர்களா? ஏன்?"

40 என்பதை வீட்டுக்கு வீடு 20, 80, 150 என்று மாற்றுவேன். "ஏன்" என்பதற்குக் கீழே ஆறு வரி இடம் விட்டிருக்கிறேன். பாட்டி வீட்டுக்கு மறுபடியும் போனேன். இந்தக் கேள்விக்கு 80 என்று கேட்டபோது, "எனக்கு ரெண்டு மாடு, நூத்தி அறுவது. ஊசிக்காரன் நல்ல மருந்துதான் போடுறான்னு யாரு பாப்பா?" என்றார். இந்த முறை எழுதிக்கொண்டேன்.

தொழுவம் எழுதியது:
யார் பார்ப்பது என்பதற்கு ஒரு வழி உண்டு. இந்த இழையில் மாடு வைத்திருப்பவர்கள் யாராக இருந்தாலும், தொழுவத்தைச் சுற்றிக் கிடக்கும் காலிக் குப்பிகளைப் பொறுக்கிப் பெயரைப் படித்துப் பாருங்கள். மெலாக்சிகாம், டோல்ஃபெனமிக் அமிலம் இரண்டும் பாறுக்குப் பாதுகாப்பானவை என்று சோதித்திருக்கிறார்கள்.

மேய்ச்சல்காரன் எழுதியது:
நேற்று பார்த்தேன் டாக்டர். வைக்கோல் போருக்குப் பின்னால் ஐந்து குப்பி. மூன்று மெலாக்சிகாம். ஒன்று சத்து ஊசி. ஐந்தாவதில் லேபிள் பாதி கிழிந்திருந்தது, தண்ணீரில் துடைத்துப் படித்தேன், நிமெசுலைடு என்று இருக்கிறது. செத்த கிடேரிக்குக் கடைசியாகப் போட்டது இதுதான் என்று நினைக்கிறேன். அதைப் புதைத்ததால் சரி. ஓடைக்கரையில் போட்டிருந்தால்?

தொழுவம் எழுதியது:
நிமெசுலைடும் பாறு கழுகைக் கொல்லும். புதைத்தது நல்லதாகப் போயிற்று. ஊசி போட்டவரின் எண்ணை எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள். திட்ட மாட்டேன், நானே பேசுகிறேன். அந்தக் குப்பியைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், வானம்பாடி வரும்போது ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டும்.